அருணகிரி சிரித்த ஷாட்

மூக்கில் பவுடர் வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டேன். மேக்கப் பெண் காதில் வாங்கவில்லை. லைட்டில் பளபளக்கும் சார் என்கிறாள். பளபளக்கட்டும், எழுபத்தெட்டு வயசுக்காரன் மூக்கு பளபளத்தால் எவனுக்கு என்ன. பத்து மணிக்கு வரச் சொன்னார்கள், பதினொன்று இருபது ஆகிறது, இன்னும் ஒரே விளக்கை அங்கே தூக்கி வைப்பதும் இங்கே தூக்கி வைப்பதுமாக இருக்கிறார்கள். சாலிகிராமத்தில் ஒரு பழைய ஸ்டூடியோ ஃப்ளோர். எதிரே தெர்மகோலில் ஒரு மலை செய்து வெள்ளையடித்து நிறுத்தியிருக்கிறார்கள். ‘உச்சிக் காவல்’ படத்தின் மலையாம் அது. அந்தப் படத்தின் மலையை எனக்குத் தெரியாதா, பல்லாவரம் கல்குவாரி, பனிக்கு நாலு லாரி உப்பு. ஐம்பத்தொரு வருஷம் கழித்து, அதில் பட்டாளத்துக்காரர்களாக நடித்த ஏழு பேரில் மிச்சம் இருப்பவர்களை ஒரே இடத்தில் உட்கார்த்தி டாகுமென்டரி எடுக்கிறாள் சுகிர்தா என்கிற பெண். நல்ல பெண்தான். நிறையப் பேசுகிறாள். மிச்சம் மூன்று பேர்: நான், மஸ்தான், கேப்டனாக நடித்த ஜெயக்கொடி. ஆனால் மலைக்கு முன்னால் நாலு நாற்காலி. நாலாவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அந்த ஏழு பேரில் ஒருத்தன் அருணகிரி, அவன் மகளுக்கு. விருதுநகரிலிருந்து வருகிறாள், எழும்பூரில் இறங்கியாகிவிட்டது, ஆட்டோவில் வந்துகொண்டிருக்கிறாள் என்று சுகிர்தாவே வந்து சொன்னாள், எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு. அந்த மகள் வந்து கேட்கப்போவது ஒரே கேள்வி. அதற்குப் போன மாதம் ஃபோனில் ஒரு பதில் சொல்லிவிட்டேன். அந்தப் பதில் பொய்.

பொய்தானா. அதுதான் பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தால் இப்படி நாற்காலியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். ஒழுங்காக முதலிலிருந்து யோசி. சினிமாவில் ஒருத்தன் செத்துப்போகிற மாதிரி நடித்தால், ஷாட் முடிந்ததும் அவனை எழுப்பி உட்கார வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லிக் கொஞ்சம் எடுத்துவிட வேண்டும். அவன் முகம் கடைசியாக ஃபிலிமில் விழும்போது பிணமாக இருக்கக் கூடாது. யார் ஆரம்பித்தது, தெரியாது. எல்லோரும் செய்தார்கள். சாமி இல்லை என்று மேடையில் பேசுகிற டைரக்டர்கூட சிரிக்க வெச்சாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த ஷாட்டுக்குப் போவார். அந்தத் துண்டு படத்தில் வராது, லேபில் வெட்டித் தூக்கிப் போடுவார்கள், ஆனால் எடுக்க வேண்டும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை அப்போதும் கிடையாது, இப்போதும் கிடையாது. அப்புறம் ஏன் நான் கேமராமேன் ஆனபிறகு எவன் செத்தாலும் நாற்பது அடி ஃபிலிமில் சிரிப்பு எடுத்தேன், சிரிக்கத் தெரியாதவனையும் கிச்சுகிச்சு மூட்டி எடுத்தேன், புரொட்யூசர்கள் முறைத்தார்கள், சிரிப்பு சிகாமணி என்று எனக்குப் பேர் வந்தது. சுகிர்தாவுக்கு அந்தப் பேர் பிடித்துப்போய்விட்டது. அதைத்தான் இன்றைக்கு நான் சொல்ல வேண்டுமாம். ஜாலியா சொல்லுங்க சார் என்றாள். ஜாலியாக. சட்டைப் பொத்தானுக்குக் கீழே மைக் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், நெஞ்சு அடிப்பதெல்லாம் அதில் விழுமா என்று ஒரு சந்தேகம். கேட்கலாம். கேட்டால் ஏன் சார், படபடப்பா இருக்கா என்பார்கள்.

மஸ்தான் வந்துவிட்டான். படத்தில் ஒயர்லெஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவானே, முதல் குண்டிலேயே செத்துப்போவானே, அவன். தடி ஊன்றி வருகிறான், வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னடா சுண்ணாம்பு அடிச்சிருக்காங்க, யாராவது குடிவரப் போறாங்களா” என்கிறான். பவுடர் பெண் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தான் செத்த அன்றைக்கு இருபது அடி சிரித்ததையும், கல்யாணத்துக்கும் கொஞ்சம் மிச்சம் வைடா என்று டைரக்டர் சொன்னதையும் அந்தப் பெண்ணிடம் அளந்துகொண்டிருக்கிறான். உண்மைதான், இருபது அடி. அதை எடுத்ததும் நான்தான். அந்தப் படத்தில் எனக்கு இரண்டு வேலை. நான் கேமரா அசிஸ்டென்ட், மூன்றாமவன். ஏழு பட்டாளத்துக்காரர்களில் ஒருத்தன் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டான், என் உயரம் சரியாக இருந்தது, கம்பளிக் கோட்டை மாட்டிவிட்டார்கள். ஷாட்டில் பள்ளத்துக்குள் துப்பாக்கி பிடிப்பேன், கட் சொன்னதும் அதே கோட்டோடு ஓடிப்போய், கேமராவில் மாட்டுகிற மேகசினில் ஃபிலிம் ஏற்றுவேன். ஏப்ரல் மாசம். பல்லாவரம் வெயில். உப்பு கண்ணில் அடிக்கும், உதட்டில் ஒட்டும், கோட்டுக்குள் வியர்வை பாம்பு மாதிரி இறங்கும், குளிரில் நடுங்குடா என்று மைக்கில் கத்துவார்கள். கம்பளி நனைந்தால் ஆட்டு வாடை வரும். இப்போதும் அடிக்கிறது அந்த வாடை, இந்த ஏசி ஃப்ளோரில், எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

அருணகிரி என்னைவிட ஒரு வயசு சின்னவன். நாடகக் கம்பெனியிலிருந்து வந்தவன். அவனுக்கு அதுதான் முதல் படம். சாகிற சீன் அவனுக்கு. குண்டு பாய்ந்து கேப்டன் மடியில் விழுந்து, அம்மாவைப் பற்றி நாலு வரி பேசி, கண் திறந்தபடி சாக வேண்டும். ஜெயக்கொடி வசனத்தை மறந்து மறந்து நாலு டேக் ஆனது. நாலு தரம் செத்தான் பாவம், திறந்த கண்ணில் உப்பு விழுந்தும் இமைக்கவில்லை. நாலாவது ஓகே. ஜெயக்கொடி எழுந்து கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் காரில் ஏறிப் போனார். கேமராமேன் டீ குடிக்க மரத்தடிக்குப் போகிறவர் திரும்பாமலே சொன்னார், சிகாமணி, அந்தச் சிரிப்பை எடுத்துரு. அவ்வளவுதான் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. ஃபிலிம் இல்லாமல் சும்மா ஓட்டு என்று அவர் சொன்னதாக நான் இருபது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. மேகசினில் அறுபது அடி இருந்தது. நெகடிவை அளந்து அளந்து கொடுத்த காலம். அறுபது அடியை மிச்சம் பிடித்துக் காட்டினால் அவரிடம் நல்ல பேர் கிடைக்கும், மூன்றாமவன் இரண்டாமவன் ஆகலாம். அந்த மேகசினைக் கழற்றினேன். காலி மேகசினை மாட்டினேன். கேமராவை ஓட விட்டேன். முன்னால் நிற்கிறவனுக்கு என்ன தெரியும், சத்தம் கேட்டால் எடுக்கிறார்கள் என்று நம்பிவிடுவான். புதுமுகங்களை அப்படி ஏமாற்றுவது வழக்கம்தான், அசிஸ்டென்டுகள் எல்லோரும் செய்ததுதான். சிரி என்றேன். சிரித்தான்.

இல்லை. இங்கேதான் சிக்குகிறது. ஃபிலிம் ஓடுகிற கேமராவுக்கு ஒரு கனமான சத்தம் உண்டு, தையல் மெஷினில் துணி இருக்கிற மாதிரி. காலிக் கேமரா இலேசாகக் கிடுகிடுக்கும். எந்தச் சத்தம் கேட்டது அன்றைக்கு. இரண்டும் கேட்கிறது. காதுக்குள் இப்போது போட்டுப் பார்த்தால் இரண்டும் வருகிறது, எதைக் கேட்க வேண்டுமென்று நினைக்கிறேனோ அது வருகிறது. அது மட்டும் இல்லை. அவன் சிரிக்கிற முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சதுரக் கட்டத்துக்குள், நடுவில் கூட்டல் குறியோடு, மீசையில் உப்போடு, ஒரு பல் கொஞ்சம் முன்னால் வந்து. கட்டத்துக்குள் தெரிகிறதென்றால் நான் வியூஃபைண்டரில் கண் வைத்திருக்கிறேன். காலிக் கேமராவுக்கு எவன் கண் வைப்பான். அப்படியானால் ஃபிலிம் இருந்திருக்கிறது. அப்படியானால் அந்தத் துண்டு எங்கோ ஒரு ஃபிலிம் கேனில் கிடக்கிறது. அப்படியானால் நான் சொன்னது பொய் இல்லை. இந்த வழியாகப் போய்ப் போய் ராத்திரி எத்தனை தூங்கியிருக்கிறேன். காலையில் எழுந்தால் கையில் அந்த அறுபது அடி மேகசினின் கனம் இருக்கும், கழற்றிப் பெட்டிக்குள் வைத்த கனம். கையும் மறக்குமா, பொய் சொல்லுமா. போன வருஷம் ஞாபகத்தைச் சோதிக்க டாக்டர் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தேன். முள்ளைப் பத்தே காலுக்கு வை என்றார். பத்து எது, கால் எது என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மண்டையை வைத்துக்கொண்டு ஐம்பத்தொரு வருஷத்துச் சத்தத்தைப் பிரிக்கிறேன்.

பத்தொன்பது நாள் கழித்து ஊருக்குப் போகிற வழியில் பஸ் கவிழ்ந்தது. நாற்பது பேருக்குக் கை கால் அடி. செத்தது அருணகிரி ஒருத்தன். பெண்டாட்டி சௌந்தரத்துக்கு அப்போது ஏழாம் மாசம், வளைகாப்புக்குத்தான் போனான். அந்த வயிற்றில் இருந்ததுதான் திலகவதி. என்னைப் பெரியப்பா என்கிறாள். போன மாதம் முதல் தரம் ஃபோன் செய்தபோதே பெரியப்பா என்றுதான் ஆரம்பித்தாள், என் வயசை யார் சொன்னார்களோ. மெதுவாகப் பேசினாள். போஸ்ட் ஆபீஸில் வேலை, கவுன்டரில் உட்கார்ந்து பேசிப் பழகிய குரல். அப்பா அம்மாவுக்கு எழுதின இன்லண்டு லெட்டர் ஒன்று இருக்கிறதாம். சாகிற சீன் எடுத்தாச்சு, நீ பயப்படாதே, கடைசியில் சிரிக்க வைத்தும் எடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறானாம். படத்தை டிவியில் ஆகஸ்ட் பதினைந்துக்குப் போடுவார்கள், ஜனவரி இருபத்தாறுக்குப் போடுவார்கள். அம்மா உட்கார்ந்து பார்ப்பாள், அந்த மலை வந்ததும் எழுந்து உள்ளே போய்விடுவாள். கல்யாண ஃபோட்டோ ஒன்று உண்டு, அதில் அந்தக் காலத்து வழக்கப்படி முறைத்துக்கொண்டு நிற்கிறானாம். அசைகிற அப்பா என்று உலகத்தில் இருப்பது அவர் சாகிறது மட்டும்தான் பெரியப்பா, என்றாள். அம்மாவுக்குப் போன மாசம்தான் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, இப்போது பளிச்சென்று தெரிகிறதாம். அந்தச் சிரிப்புத் துண்டு எங்கேயாவது இருக்குமா. இருக்கும், லேபில் தேடச் சொல்லு என்றேன். வாயில் வந்துவிட்டது. சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். அன்றிலிருந்து சுகிர்தாவின் ஆட்கள் மூடிக் கிடக்கிற லேப்களின் குடோன்களில் துருப்பிடித்த கேனாகத் திறந்துகொண்டிருக்கிறார்கள். ஒருத்தருக்குத் தூசியில் இழுப்பு வந்துவிட்டதாம். சௌந்தரம் தினம் சாயங்காலம் மகளைக் கேட்கிறாளாம், கேட்டியா, என்ன சொன்னாங்க.

வாசல் பக்கம் செருப்புச் சத்தம். இவள்தான். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அந்தப் பல். ஐம்பது வயசுப் பெண், பருத்திப் புடவை, தோளில் பை, ராத்திரி ரயிலில் தூங்காத கண். நேரே என்னிடம் வந்து குனிந்து காலைத் தொட்டுவிட்டாள், தடுக்கக்கூட நேரமில்லை. அம்மா ஒரு டப்பாவில் கருப்பட்டி மிட்டாய் கொடுத்து விட்டிருக்கிறாள், எனக்கு. வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். டப்பா சூடாக இருக்கிற மாதிரி இருந்தது. மிட்டாய் எப்படிச் சூடாக இருக்கும். தேடினதுக்கு நன்றி சொன்னாள். நான் என்ன தேடினேன். கிடைக்கலைன்னாலும் பரவாயில்ல பெரியப்பா, எடுத்தீங்கல்ல, அதுவே அம்மாவுக்கு ஒரு தெம்பு, என்றாள். அதற்கு நான் ஏதோ ஒரு சத்தம் கொடுத்தேன், இருமல் மாதிரி. இப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு குரல். கிடைக்கவில்லை என்று முடிந்துவிடும். கேன் துருப்பிடித்துப் போச்சு, நெகடிவ் பிசினாகிப் போச்சு, எத்தனை படம் அப்படிப் போனது. யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். அவர்கள் ஒரு குடோன் முடிந்து இன்னொரு குடோன் தேடிக்கொண்டிருப்பார்கள், சௌந்தரம் சாயங்காலம் சாயங்காலம் கேட்டுக்கொண்டிருப்பாள். எத்தனை சாயங்காலம்.

விளக்கெல்லாம் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டது. மூன்று கேமரா. எதிலும் ஃபிலிம் இல்லை, இந்தக் காலத்தில் எந்தக் கேமராவிலும் ஃபிலிம் இல்லை, ஆனாலும் எல்லாம் பதிகிறது, இது என்ன கூத்து. ஜெயக்கொடியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எண்பத்தாறு வயசு. பின்னால் மருமகள். அவருக்கு ஆள் அடையாளம் தெரியாது, எதையும் கேட்டுக் கஷ்டப்படுத்தாதீர்கள் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே வருகிறாள். மஸ்தான் எழுந்து விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை. தெர்மகோல் மலையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மோவாய் ஆடியது.

“அருணகிரி,” என்றார். “நீ போயிட்டேன்னுல்ல சொன்னாங்க.”

சுகிர்தா கேமராக்காரர்களுக்குக் கையைக் காட்டினாள், ஓட்டுங்கள் என்று. அண்ணே, நான் சிகாமணி, கேமரா சிகாமணி என்றேன். அது அவருக்குள் போகவில்லை. கை நீட்டி என் கோட்டைத் தேடினார், நான் போட்டிருந்தது அரைக்கைச் சட்டை. நான் அன்னிக்கு இருந்திருக்கணும்டா, காரில் ஏறிட்டேன், என்றார். இதை இத்தனை வருஷம் அவரும் வைத்துக்கொண்டிருக்கிறாரா. அப்புறம் குரலைத் தணித்து, ரகசியம் மாதிரி, “சிரிச்சியா? எடுத்தாங்களா?” என்று கேட்டார். பக்கத்து நாற்காலியில் திலகவதி. அவளும் என்னைத்தான் பார்க்கிறாள். எல்லா லென்ஸும். ஆமாண்ணே, எடுத்தாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனுஷன் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். அருணகிரியாகவே இருந்து சொல்லிவிடலாம். வாய் திறந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷம் நான் யார் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை, மடியில் அவன் பெண்டாட்டி கொடுத்த மிட்டாய், பக்கத்தில் அவன் பெண், எதிரே அவன் செத்த மலை. அவன் சிரித்த முகம் மறுபடி கட்டத்துக்குள் வந்து நின்றது. வெள்ளையும் கறுப்புமாக. வெள்ளையும் கறுப்புமாக எப்படி. கண் வைத்துப் பார்த்திருந்தால் கலரில் அல்லவா தெரிந்திருக்கும். கல்குவாரி சிவப்பு மண், காக்கி, வெயில். வியூஃபைண்டரில் கறுப்பு வெள்ளை ஏது. நான் பார்க்கவில்லை. அந்த முகத்தை நானே செய்திருக்கிறேன், அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துப் பார்த்து, ராத்திரி ராத்திரி உட்கார்ந்து செய்து வைத்திருக்கிறேன்.

“எடுக்கலைண்ணே,” என்றேன். திலகவதி பக்கம் திரும்பினேன். “எடுக்கலைம்மா. கேமராவுல ஃபிலிம் இல்ல. நான்தான் கழட்டி வெச்சேன். யாரும் சொல்லல. தேட வேண்டாம்னு சொல்லிரு அவங்ககிட்ட.”

ஜெயக்கொடி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், எதற்கென்று தெரியவில்லை. மஸ்தான் தடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். திலகவதி அழுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. கவுன்டரில் ஒரு ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அந்த லெட்டர் மனப்பாடம் பெரியப்பா, என்றாள். அப்புறம் பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். “அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க.” எண்ணைத் தட்டி என் கையில் கொடுத்துவிட்டாள். சுகிர்தா கட் என்று சொல்வாளா என்று பார்த்தேன். சொல்லவில்லை. மணி இரண்டு தரம் அடிப்பதற்குள் சௌந்தரம் எடுத்துவிட்டாள், கையிலேயே வைத்திருந்திருக்கிறாள்.

கெடைச்சிருச்சாத்தா என்றாள் எடுத்ததும். நான் சிகாமணி என்றேன். அண்ணே என்று குரல் மாறியது, சேலையை இழுத்துப் போர்த்துகிற மாதிரி ஒரு குரல். சொன்னேன். எதையும் சேர்க்கவில்லை. ஃபிலிம் இருந்தது, கழட்டினேன், காலியா ஓட்டினேன், அவனுக்குத் தெரியாது, எடுத்ததாத்தான் நெனச்சுக்கிட்டுப் போனான். அந்தப் பக்கம் எங்கோ ஒரு காய்கறி வண்டி கூவிக்கொண்டு போனது.

“அப்ப அவுக சிரிக்கலையா?”

“சிரிச்சான்.”

“எப்பிடி?”

எப்படி. நான் பார்க்கவில்லை. அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன், அந்த அறுபது அடியைப் பெட்டியில் வைத்து மேலே பேனாவால் எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் கேமரா கிடுகிடுவென்று இலேசாக ஓடியது. இலேசாக. அதனால்தான் அவன் குரல் அவ்வளவு துல்லியமாகக் கேட்டது. ஃபிலிம் ஓடியிருந்தால் கேட்டிருக்காது. பார்க்கலைம்மா, கேட்டேன், என்றேன். முதலில் மேடையில் சிரிக்கிற மாதிரி பொய்யாகத்தான் ஆரம்பித்தான். அப்புறம் ஏதோ அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, நாலு தரம் செத்ததை நினைத்தானோ என்னவோ, மூச்சு வாங்கச் சிரித்தான், நடுவில் ஒரு தும்மல், மறுபடி சிரிப்பு. சிரித்துக்கொண்டே என்னைக் கேட்டான், அண்ணே, இது காணுமா, இன்னும் கொஞ்சம் வேணுமா.



“நீங்க என்ன சொன்னீக?”

“போதும்னு சொன்னேன்.”

எதிரே மூன்று கேமராவும் ஓடிக்கொண்டிருந்தன, ஒரு சத்தமும் இல்லாமல்.

“இன்னுங் கொஞ்சம் விட்டிருக்கலாம்ணே,” என்றாள். கோபமாக இல்லை.

“ஆமா,” என்றேன்.